மர்மக் காய்ச்சல் என்று முடித்துவிடாதீர்கள், எந்த வகைக் கிருமி என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் கேட்கிற கேள்வியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி ஒன்று அடிக்கடி வருகிறது. மர்மக் காய்ச்சலுக்குக் கல்லூரி மாணவர் பலி, இல்லாவிட்டால் நாலு வயதுச் சிறுமி பலி என்று தலைப்பு இருக்கும். கீழே சுகாதாரத் துறையினர் முகாமிட்டார்கள், கொசு மருந்து அடித்தார்கள், நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள், பகுதி மக்கள் பீதி. அதோடு சரி. ஒரு வாரம் கழித்துத் தேடிப் பார்த்தாலும் அது என்ன காய்ச்சல், எந்தக் கிருமி, அந்தப் பிள்ளையோடு ஒரே அறையில் படுத்திருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்களா என்று ஒரு வரி கிடைக்காது. இப்படி மர்மமாகவே முடிந்துபோகிற காய்ச்சல்களில் சில, பாக்டீரியாவால் வரும் மூளை உறைக் காய்ச்சல், அதாவது மெனிஞ்சைட்டிஸ். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் சென்னையில் தனியார் மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறேன், அந்தத் தட்டுகள் கடைசியில் எங்கே போகின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறையில் பாக்டீரியா புகுந்துவிட்டால் காலையில் தலைவலி, காய்ச்சல் என்று படுத்தவர் ராத்திரிக்குள் நினைவு தப்பிப் போகலாம். கழுத்தை மடக்க முடியாது, வெளிச்சம் பார்த்தால் கண் கூசும், வாந்தி வரும், சிலருக்கு உடம்பில் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள் வரும். நம் நிறத்துத் தோலில் அந்தப் புள்ளிகள் சட்டென்று தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் உட்பக்கம் என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பாக்டீரியா மூளை உறைக் காய்ச்சல் வந்தவர்களில் 6 பேரில் ஒருவர் இறக்கிறார், 5 பேரில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு மாதிரியான பெரிய பாதிப்பு ஏதாவது ஒன்று மிஞ்சுகிறது. இதை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானவை மெனிங்கோகாக்கஸ், நியூமோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா டைப் பி), அப்புறம் பிறந்த குழந்தைகளைத் தாக்கும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கூட்டமாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி ஊரையே கலங்கடிப்பது பெரும்பாலும் மெனிங்கோகாக்கஸ்தான்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மெனிங்கோகாக்கஸ் நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேரின் தொண்டையில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. கிருமியின் பெயர் ஒன்றுதான் என்றாலும் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன, அவற்றில் சில குடும்பங்கள் மட்டும்தான் தொண்டையைத் தாண்டி ரத்தத்தில் இறங்கி மூளை உறை வரைக்கும் போகின்றன. அதனால் மெனிங்கோகாக்கஸ் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்வது, ஸ்டாப்பிங்கில் நிற்பவரிடம் பஸ் வந்தது என்று மட்டும் சொல்வது மாதிரி. எந்த பஸ், 21ஜி-யா வேறு தடமா என்று சொன்னால்தான் அது எங்கிருந்து வருகிறது, அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் கிருமியின் மேலுறையை வைத்து குரூப் பிரிப்பார்கள். மொத்தம் 12 குரூப், அதில் ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்ற 6 குரூப்கள்தான் பெரும்பாலான நோய்க்குக் காரணம். தடுப்பூசிகளில் பெரும்பாலானவை இந்த மேலுறையைக் குறிவைத்துத்தான் தயாரிக்கப்படுகின்றன, அதனால் குரூப் தெரிவது அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கிருமிகள் ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுத் துண்டுகளை வாங்கிக்கொள்ளும், நேற்றுவரை சி குரூப் உறை போட்டிருந்த குடும்பம் நாளைக்கு டபிள்யூ உறைக்கு மாறிவிடும். மேலுறையை மட்டும் பார்த்தால் வேறு கிருமி என்று நினைப்போம், உள்ளே பார்த்தால் அதே ஆபத்தான குடும்பம்.

இதற்கு ஒரு வழி 1998ல் வந்தது. ஆக்ஸ்போர்டின் மார்ட்டின் மெய்டனும் அவரோடு சேர்ந்த பல நாட்டு ஆய்வாளர்களும் மெனிங்கோகாக்கஸை வைத்தே முதன்முதலில் செய்து காட்டிய முறை அது. கிருமி அன்றாடம் உயிர் வாழ்வதற்கு வேண்டிய, மெதுவாக மட்டுமே மாறுகிற மரபணுக்களை எடுத்துக்கொண்டார்கள், முதலில் 6, பின்னால் 7. ஒவ்வொன்றிலும் சுமார் 450 எழுத்து நீளத்துக்கு வரிசையைப் படிப்பார்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அதற்குத் தனி எண். இப்படி 7 மரபணுவுக்கு 7 எண்கள் கிடைக்கும், அந்த ஏழும் சேர்ந்த தொகுப்புக்கு எஸ்.டி. (சீக்வென்ஸ் டைப், அதாவது வரிசை வகை) என்று ஒரே ஒரு எண். எஸ்.டி. 11 என்றால் சென்னையிலும் அதுதான், சவூதியிலும் அதுதான், பிரேசிலிலும் அதுதான். அதற்கு முன்னால் ஜெல் தட்டில் விழுகிற கோடுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஆய்வகத்துப் படமும் இந்த ஆய்வகத்துப் படமும் ஒன்றா இல்லையா என்று கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலம். எண்ணாக மாறியதும் போனிலேயே சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. ஆக்ஸ்போர்டில் இருக்கும் பொதுத் தரவுத்தளத்தில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், தங்களுக்குக் கிடைத்ததையும் சேர்க்கலாம். இப்போது அதையும் தாண்டி, கிருமியின் ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகளையும் மொத்தமாகப் படிக்கும் முழு மரபணு வரிசைப்படுத்தல் வந்துவிட்டது, ஒரே எஸ்.டி. எண்ணுக்குள்ளேயே இவருக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஒரே சங்கிலியா என்றுகூடச் சொல்ல முடிகிறது.

இதனால் என்ன ஆகப்போகிறது, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து மாறப்போகிறதா என்று ஒரு டாக்டரே என்னிடம் கேட்டிருக்கிறார். படுக்கையில் இருக்கும் அந்த ஒருவருக்கு மாறாது, உண்மைதான். அவருக்கு உடனே ஆண்டிபயாடிக் போக வேண்டும், எந்தப் பரிசோதனைக்காகவும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் படுக்கைக்கு வராத மற்றவர்களுக்கு எல்லாமே மாறும்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2013ல் நடந்ததைப் பாருங்கள். மாணவர்கள் ஏற்கெனவே ஏ, சி, டபிள்யூ, ஒய் குரூப்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். வந்ததோ பி குரூப். ஒன்றன்பின் ஒன்றாக நோயாளிகள் வந்தபோது எல்லாரிடமும் இருந்தது ஒரே வகை என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது, இது தற்செயல் இல்லை, வளாகத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்று உறுதியானது. அப்போது அந்த நாட்டில் பி குரூப் தடுப்பூசிக்கு உரிமமே கிடையாது. தனி அனுமதி வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவழைத்து 2013 டிசம்பரில் மாணவர்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். அடுத்த மார்ச்சில் வேறொரு பல்கலைக்கழகத்தில், டிரெக்ஸலில், ஒரு மாணவி மூளை உறைக் காய்ச்சலில் இறந்துபோனார். வேறு ஊர், வேறு கல்லூரி. ஆனால் அவரிடமிருந்து எடுத்த கிருமியின் மரபணு பிரின்ஸ்டன் கிருமியோடு ஒத்துப்போனது. விசாரித்தால், நோய் வருவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பு பிரின்ஸ்டன் மாணவர்களோடு அவர் பழகியிருக்கிறார். அதாவது ஊசி போட்டுக்கொண்ட பிறகும் சிலர் தொண்டையில் அந்தக் கிருமி இருந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஒப்பீடு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் டிரெக்ஸலில் நடந்தது தனியான ஒரு துயரச் செய்தியாக, நாலு வரியாக முடிந்திருக்கும்.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹஜ். 1987ல் மக்காவில் ஏ குரூப் பரவிய பிறகு பயணிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது அந்த ஊசியில் அடங்காத டபிள்யூ குரூப் கிளம்பியது. பயணிகள் ஊர் திரும்பிய பிறகு ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று பல நாடுகளில் அவர்களுக்கும் அவர்கள் வீட்டிலிருந்தவர்களுக்கும் நோய் வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிரண்டு நோயாளிகள், அங்கங்கே சிதறிக் கிடக்கும் எண்ணிக்கை, யாரும் கவலைப்பட மாட்டார்கள். வகைப்படுத்திப் பார்த்தபோதுதான் எல்லாம் எஸ்.டி. 11 குடும்பத்தைச் சேர்ந்த ஒரே வகை என்று தெரிந்தது. அதற்கப்புறம்தான் நாலு குரூப்புக்கும் சேர்த்துப் போடும் ஊசி கட்டாயமானது. இன்றைக்குச் சென்னையிலிருந்து ஹஜ் புறப்படுகிற ஒவ்வொருவரும் கையில் குத்திக்கொள்ளும் அந்த ஊசிக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. 2002ல் புர்கினா ஃபாசோவில் இதே டபிள்யூ குரூப் சுமார் 13,000 பேரைத் தாக்கியது. 2024லும் உம்ரா போய் வந்தவர்களிடமும் அவர்களோடு இருந்தவர்களிடமும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளில் மெனிங்கோகாக்கஸ் கண்டுபிடிக்கப்பட்டது, பெரும்பாலும் டபிள்யூதான். பயணம் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு ஊசியைக் கவனமாகப் போட்டு அனுப்புகிறோம், நல்லது. திரும்பி வருகிறவர்கள் வீட்டில் ஒருவருக்குக் கழுத்து இறுகிக் காய்ச்சல் வந்தால் அந்தக் கிருமியின் எண்ணைப் பார்க்கவும் ஏற்பாடு இருக்க வேண்டும் இல்லையா?

சிங்கப்பூர் விஷயமும் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு போய்வரும் ஊர் அது. 2015ல் அங்கே நல்ல ஆரோக்கியமாக இருந்த பெரியவர்களுக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் ஏறி, சிலருக்கு மூளை உறைக் காய்ச்சலாகவே வந்தது. அந்தக் கிருமி பச்சைக் குழந்தைகளையும் முதியவர்களையும் வேறு வியாதி உள்ளவர்களையும்தான் தாக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்த காலம். மரபணுவைப் படித்தால் எஸ்.டி. 283 என்ற ஒரே வகை. கஞ்சியோடு சேர்த்துச் சாப்பிடும் நன்னீர் மீனின் பச்சைத் துண்டுகளில்தான் அது இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்குத் தடை வந்தது. தென்னாப்பிரிக்காவில் 2017-18ல் லிஸ்டீரியா என்ற, உணவு வழியாக வரும் பாக்டீரியா பரவி 1,000 பேருக்கு மேல் பாதித்து 200 பேருக்கு மேல் இறந்தபோதும் எஸ்.டி. 6 என்ற வகையைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் ஒரு குறிப்பிட்ட இறைச்சித் தொழிற்சாலையின் வாசலில் நின்றார்கள். அந்த லிஸ்டீரியாவும் மூளை உறையைத் தாக்கும் கிருமிதான்.

அதெல்லாம் வெளிநாடு என்று சொல்லிவிட முடியாது. டெல்லியில் 1966, 1985, 2005 என்று மூன்று முறை மெனிங்கோகாக்கஸ் பெரிதாகப் பரவியிருக்கிறது, ஏ குரூப். 2008-09ல் மேகாலயாவிலும் திரிபுராவிலும் வந்தது. 2005ல் டெல்லியில் எடுத்த கிருமிகளில் இன்னொரு சங்கதியும் வெளிவந்தது, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அது சரியாகக் கட்டுப்படவில்லை, கிருமியின் ஒரு மரபணுவில் ஒரே இடத்தில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம். இது ஏன் முக்கியம் என்றால், ஹாஸ்டலில் ஒருவருக்கு நோய் வந்தால் நெருங்கிப் பழகிய மற்றவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் மாத்திரைகளில் சிப்ரோவும் ஒன்று, ஒரே ஒரு வேளை போதும், மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் என்பதால் கை முதலில் அதற்குத்தான் போகும். அது கேட்காத வகை நம் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தால், மாத்திரை கொடுத்தாயிற்று என்று எல்லாரும் நிம்மதியாக இருப்போம், கிருமி அடுத்த அறைக்குப் போயிருக்கும்.

இன்னொரு பக்கம், இந்த விஷயத்தில் உலகத்துக்கே பெரிய உதவி செய்தது நம் நாடு என்பதையும் சொல்லாமல் விட மனசில்லை. ஆப்பிரிக்காவில் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரைக்கும் நீளும் பகுதியில் ஏ குரூப் தலைமுறை தலைமுறையாக ஆட்களைக் கொன்றது. அதற்கென்றே புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் மலிவு விலைத் தடுப்பூசி தயாரித்தது, 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கினார்கள், ஏ குரூப் அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட இல்லாமலேயே போய்விட்டது. ஆனால் கண்காணிப்பை விடவில்லை. விடாததால்தான் நைஜீரியாவில் 2013 வாக்கில் எஸ்.டி. 10217 என்று அதுவரை பெரிதாக அறியப்படாத ஒரு சி குரூப் வகை கிளம்பியதும், 2015ல் அது நைஜரில் பெரிதாக வெடித்ததும் தெரிந்தது. தொண்டையில் சும்மா கிடந்த ஒரு வகை, உறைக்கான மரபணுவையும் நோய் உண்டாக்கும் திறனையும் வேறு கிருமிகளிடமிருந்து பெற்றுக்கொண்டு இப்படி மாறியது என்பதை மரபணுவைப் படித்துத்தான் சொன்னார்கள். அடுத்த தடுப்பூசியில் ஐந்து குரூப்களைச் சேர்த்தார்கள், அதையும் புனேதான் தயாரித்தது, 2024ல் நைஜீரியாவில் போட ஆரம்பித்தார்கள். புனேயில் தயாரான ஊசி நைஜீரியாவில் யாரைக் காப்பாற்றுகிறது, எந்த வகை தப்பிக்கிறது என்று அங்கே எண் போட்டுப் பார்க்கிறார்கள். சென்னையில் இருக்கும் நாம் நம் கிருமியின் எண்ணைக் கேட்பதில்லை.

அந்தத் தட்டுகள் எங்கே போகின்றன என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாசகர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வார்டிலிருந்து மூடியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு சின்னக் குப்பி வரும், பிளாஸ்திரியில் பெயரும் படுக்கை எண்ணும் பேனாவால் எழுதியிருக்கும். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை முதுகில் ஊசி போட்டு எடுத்திருப்பார்கள், அந்த முதுகு நீர் நிறமே இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டியது, கலங்கியிருக்கும். அதைச் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்த்தால், சீழ் செல்களுக்குள்ளே இளஞ்சிவப்பில் இரண்டிரண்டாக ஒட்டிய புள்ளிகள். பார்த்த நிமிடமே வார்டுக்கு போன் போகும். மிச்ச நீரைச் சூடு காட்டிய ரத்தம் கலந்த சாக்லேட் அகார் தட்டில் இழுத்து, தட்டுகளை ஒரு ஜாடிக்குள் அடுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி மூடியை அழுத்தி மூடுவோம். சுடர் தானாக அணையும்போது இந்தக் கிருமிக்குப் பிடித்த அளவு கார்பன் டை ஆக்சைடு உள்ளே சேர்ந்திருக்கும். மறுநாள் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பளபளப்பான புள்ளிகள் முளைத்திருக்கும். கிருமியின் பெயர், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று எழுதிக் கையெழுத்தாகி ரிப்போர்ட் போய்விடும். அப்புறம் தட்டு ஆட்டோகிளேவுக்குப் போய் வெந்து குப்பைக்குப் போகும். நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில், ஒரு தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆழ்குளிர் பெட்டியில் சேர்த்து வையுங்கள், பின்னால் யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, இதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். உயிரோடிருந்த அந்தக் கிருமிக்குள் எழுதியிருந்தது அத்தனையும் அந்தத் தட்டோடு அழிந்தது.

பல நேரம் தட்டில் ஒன்றும் முளைக்காது என்பதும் உண்மை. தெருமுனை கிளினிக்கில் ஏற்கெனவே ஆண்டிபயாடிக் ஊசி போட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள், அது தப்பும் இல்லை, உயிர் முக்கியம். சில சமயம் குப்பியைப் பத்திரமாகக் கொண்டுபோகிறோம் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள், மெனிங்கோகாக்கஸ் குளிர் தாங்காது, வழியிலேயே செத்துவிடும். கல்ச்சருக்கு, அதாவது தட்டில் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்குப் போகும் முதுகு நீரைக் குளிரில் வைக்கவே கூடாது, அறை வெப்பத்திலேயே முடிந்தவரை சீக்கிரம் ஆய்வகத்துக்கு வர வேண்டும். இன்னும் சில வீடுகளில் முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து கையெழுத்தே போட மாட்டார்கள். அந்த ஊசி தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் போகிறது, அதனால் கால் போகாது என்பதை டாக்டர்கள் வராந்தாவில் நின்றாவது பொறுமையாக விளக்க வேண்டும், விளக்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கிருமி செத்துப்போயிருந்தாலும்கூட அதன் மரபணு அந்த நீரில் மிச்சம் இருக்கும், பி.சி.ஆர். மூலம் எந்தக் கிருமி, எந்த குரூப் என்று கண்டுபிடிக்கலாம், மரபணு போதிய அளவு கிடைத்தால் எஸ்.டி. எண் வரைக்கும் போகலாம். பி.சி.ஆர். என்ற சொல் கொரோனாவுக்குப் பிறகு யாருக்குப் புதிது?

கொரோனா என்றதும் சொல்கிறேன். டெல்டா வந்தது, ஒமைக்ரான் வந்தது என்று காய்கறிக் கடையில் நின்றுகொண்டு பேசிய ஊர் இது. எந்த வகை என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு ஆர்வமும் இருந்தது, புரியவும் புரிந்தது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்தில் 2021 செப்டம்பரில் முழு மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகத்தை அரசு திறந்தது. கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் 1899லிருந்து இருக்கிறது. அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், வேலூரில் சி.எம்.சி., அங்கே நியூமோகாக்கஸ் வகைகளைப் பல வருடமாக ஆராய்கிறார்கள். இத்தனை பேரும் இத்தனை கருவியும் ஒரு ரயில் தூரத்துக்குள் இருக்கிற இடம் நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரித் தட்டுக்கும் இந்த ஆய்வகங்களுக்கும் நடுவில் ஒரு பாதை போட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதுகு நீரிலோ ரத்தத்திலோ மெனிங்கோகாக்கஸ், நியூமோகாக்கஸ், ஹிப் முளைத்தால் அந்தக் கிருமியை அழிப்பதற்கு முன்னால் ஒரு பங்கு அங்கே போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு போடட்டும். கொண்டுபோகிற செலவைத் தனியார் ஆய்வகத்தின் தலையில் கட்டாமல் அரசே ஏற்கட்டும். முளைக்காவிட்டால் மிச்ச நீரை அனுப்பட்டும்.

நியூமோகாக்கஸை விட்டுவிடக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. அந்தக் கிருமியில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, ஊசி அதில் சிலவற்றைத்தான் தடுக்கும். தடுக்கப்பட்ட வகைகள் குறைந்ததும் மற்ற வகைகள் அந்த இடத்துக்கு வருவதைப் பல நாடுகள் பார்த்திருக்கின்றன. நம் குழந்தைகளிடம் இப்போது எது வருகிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் அடுத்து எந்த ஊசி வாங்குவது என்று அரசு முடிவு செய்ய முடியும். ஹிப் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியை, அதாவது ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியை, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்களில் நாமும் ஒன்று, கேரளா இன்னொன்று. ஊசி போடுவதில் முன்னால் நிற்கும் மாநிலம் கிருமியைப் படிப்பதிலும் முன்னால் நிற்க வேண்டாமா?

எண்களை வெளியிட்டால் பீதி கிளம்பும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. பீதி கிளம்புவது ஒன்றும் சொல்லாமல் விடும்போதுதான், ஹாஸ்டலில் ஒரு பையன் இறந்த ராத்திரியே வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் இறந்துவிட்டார்கள் என்று வரும், பெற்றோர் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள், அந்தப் பிள்ளைகளில் யாராவது தொண்டையில் கிருமியோடு ஊருக்குப் போனால் பரவுவதற்கு நாமே வழி செய்ததாக ஆகும். இரண்டு மாணவர்களுக்கு வந்திருக்கிறது, மரபணு பார்த்ததில் இரண்டும் வேறு வேறு வகை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று சொல்ல முடிந்தால் ஊர் அடங்கும். இரண்டும் ஒரே வகை என்றால் யாருக்கு மாத்திரை, யாருக்கு ஊசி என்று அன்றைக்கே முடிவெடுக்கலாம். நோயாளியின் பெயரோ தெருவோ வேண்டாம். மாவட்டம், வயது வரம்பு, கிருமி, குரூப், எஸ்.டி. எண், எந்த மருந்து கேட்கவில்லை, இவ்வளவு போதும். பிரிட்டனில் 2010-11லிருந்து நோயாளிகளிடம் கிடைத்த மெனிங்கோகாக்கஸின் முழு மரபணுவையும் ஒரு நூலகமாகச் சேர்த்து யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே டபிள்யூ குரூப் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனபோது, அது தென் அமெரிக்காவில் பரவிய எஸ்.டி. 11 கிளையோடு சேர்ந்தது என்று இந்த மாதிரி மரபணுத் தரவில்தான் பிடித்தார்கள், 2015ல் பதின்வயதினருக்கு நாலு குரூப் ஊசி போட முடிவெடுத்தார்கள். அதனால் அந்த ஊரில் யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடவில்லை.

2030க்குள் மூளை உறைக் காய்ச்சலின் பெரும் பரவல்களை ஒழிப்பது என்று 2020ல் உலக நாடுகள் கூடி ஒத்துக்கொண்ட திட்டம் இருக்கிறது, கண்காணிப்பும் ஆய்வகமும் அதில் முக்கியமான பகுதி. அந்த வருடம் வெகு தொலைவில் இல்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை மர்மக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் டீனிடமும் சுகாதாரத் துறை அதிகாரியிடமும் கொசு மருந்து அடித்தீர்களா என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். முதுகு நீர் எடுத்தீர்களா, கல்ச்சரில் என்ன முளைத்தது, முளைக்காவிட்டால் பி.சி.ஆர். போனதா, எந்த குரூப், எந்த எஸ்.டி., கிருமியைச் சேமித்து வைத்திருக்கிறீர்களா, கூட இருந்தவர்களுக்குக் கொடுத்த மாத்திரை அந்த வகைக்குக் கேட்குமா என்று கேட்கட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்ட கேள்வியோடு அதே பக்கத்தில் போடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி போன் செய்து கேட்கச் சொல்லுங்கள், மரபணு வரிசை முடிவு வர அந்த அவகாசம் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
பெரம்பூர், சென்னை